காரில் டெம்பரேச்சர் முள் ஏறுதா? ஹெட் கேஸ்கெட் பழுதைக் கண்டுபிடிப்பது முதல் சரிசெய்வது வரை!

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. திண்டிவனத்தில் உறவினர் வீட்டு வளைகாப்பு முடிந்து சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பரனூர் டோல்கேட்டில் வழக்கம்போல நீளமான வரிசை. வண்டி நகர்ந்து நகர்ந்து நின்றுகொண்டிருந்தபோது, டேஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டைத் தொடுவதைப் பார்த்தேன். அப்பாவின் 2003 மாடல் கார் அது. மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின்.

"நிறுத்திடலாமாப்பா?" என்றேன். "டோலைத் தாண்டிட்டா காத்து பட்டு சரியாயிடும், ஓட்டும்மா" என்றார். டோலைத் தாண்டினோம். இரண்டு நிமிடத்தில் முள் சட்டென்று கீழே இறங்கியது. "பார்த்தியா, நான் சொன்னேன்ல!" என்று அப்பா சிரித்தார். எனக்கும் நிம்மதி. சிங்கப்பெருமாள் கோவில் வந்தபோது இன்ஜின் உதறி, வெள்ளைப் புகை கக்கி, நின்றே போனது.

முள் இறங்கியதற்குக் காரணம் இன்ஜின் குளிர்ந்தது இல்லை. உள்ளே இருந்த தண்ணீர் வெளியேறிவிட்டது. டெம்பரேச்சர் சென்சார் தண்ணீருக்குள் இருந்தால்தான் சரியான சூட்டைக் காட்டும். தண்ணீர் மட்டம் அதற்குக் கீழே போனதும் சென்சாருக்கு எதுவும் தெரியவில்லை, அதனால் முள் இறங்கியது. நாங்கள் நிம்மதியாக ஓட்டிய அந்தப் பத்து நிமிடத்தில்தான் ஹெட் கேஸ்கெட் போனது.

அடுத்த நாள் முதலில் பார்த்த ஒர்க் ஷாப்பில், பானெட்டைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இன்ஜின் முடிஞ்சுது சார். வேற செகண்ட் ஹேண்ட் இன்ஜின் இறக்கிக்கலாம், இல்லைன்னா எடைக்குப் போட்டுடுங்க" என்றார்கள். இரண்டாவதாகப் பார்த்த மெக்கானிக் அண்ணன் அப்படிச் சொல்லவில்லை. "டெஸ்ட் பண்ணாம எதையும் சொல்ல முடியாது சார். கேஸ்கெட் போயிருந்தாலும், அது ஏன் போச்சுன்னு தெரியாம மாத்தக் கூடாது" என்றார்.

அந்தக் கார் இன்றும் ஓடுகிறது. ஹெட் கேஸ்கெட் என்றால் என்ன, அது ஏன் போகிறது, மெக்கானிக் சொல்வதை நாம் எப்படிச் சரிபார்ப்பது? விரிவாகப் பார்ப்போம்.

ஹெட் கேஸ்கெட் என்றால் என்ன?

கார் இன்ஜினை இரண்டு பெரிய துண்டுகளாக நினைத்துக்கொள்ளுங்கள். கீழே இருப்பது பிளாக். பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடும் சிலிண்டர்கள் இதில்தான் இருக்கின்றன. மேலே மூடிபோல உட்காருவது சிலிண்டர் ஹெட். வால்வுகளும் ஸ்பார்க் பிளக்குகளும் இதில் இருக்கின்றன. இந்த இரண்டுக்கும் நடுவே, ஒன்று இரண்டு மில்லிமீட்டர் தடிமனில் வைக்கப்படும் தகடுதான் ஹெட் கேஸ்கெட்.

இதன் வேலை மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் பிரித்து வைப்பது:

● சிலிண்டருக்குள் எரியும் வாயு. இதன் வெப்பம் நொடிப்பொழுதுக்கு 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அழுத்தம், உங்கள் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல 20 மடங்குக்கு மேல் போகும்.

● இன்ஜினைச் சுற்றி ஓடும் கூலன்ட். இது சுமார் 90 டிகிரியில் இருக்கும்.

● வால்வுகளுக்கு ஏறி, மறுபடி கீழே இறங்கும் இன்ஜின் ஆயில்.

இந்த மூன்றும் அந்த ஒரே தகட்டில் உள்ள ஓட்டைகள் வழியாக, சில மில்லிமீட்டர் இடைவெளியில் போய்வருகின்றன. 3,000 ஆர்பிஎம்மில் வண்டி ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் நிமிடத்துக்கு 1,500 முறை பெட்ரோல் எரிகிறது. அத்தனை முறையும் கேஸ்கெட் தாக்குப்பிடிக்க வேண்டும். எந்த இரண்டுக்கு நடுவில் அது விட்டுக்கொடுக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் அறிகுறிகள் மாறும்.

நன்றாக இருந்த கேஸ்கெட் ஏன் போகிறது?

பெரும்பாலும் ஓவர் ஹீட். நிறைய பழைய கார்களில் பிளாக் வார்ப்பிரும்பிலும், ஹெட் அலுமினியத்திலும் இருக்கும். சூடானால் அலுமினியம், இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும்.

ஒரு சின்னக் கணக்கு. 40 சென்டிமீட்டர் நீளமுள்ள ஹெட் 80 டிகிரி சூடேறினால், அலுமினியம் 0.7 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல் நீளும். அதே நீள இரும்பு சுமார் 0.35 மி.மீ.தான் நீளும். ஒவ்வொரு முறை வண்டியை ஸ்டார்ட் செய்து அணைக்கும்போதும் இந்த வித்தியாசத்தை நடுவில் இருக்கும் கேஸ்கெட்தான் தாங்குகிறது. வழக்கமான சூட்டுக்கு அது பழகியிருக்கும். சூடு எல்லை மீறினால், போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும் ஹெட் விரிய இடமில்லாமல் வளைந்துவிடும். வளைந்த இடத்தில் கேஸ்கெட் மீதான பிடி தளரும். அந்தச் சந்து வழியாக வாயு பாய்ந்து கேஸ்கெட்டைத் தின்றுவிடும்.

அப்படியானால் ஓவர் ஹீட் ஏன் ஆகிறது? இதுதான் முக்கியமான கேள்வி.

● கூலன்ட் குறைவது: ஹோஸ், ரேடியேட்டர், வாட்டர் பம்ப் ஆகியவற்றில் கசிவு.

● ரேடியேட்டர் அடைப்பு: கூலன்ட்டுக்குப் பதில் வருஷக்கணக்கில் போர் தண்ணீரை ஊற்றினால், டீ போடும் பாத்திரத்தில் படிவதுபோல உள்ளே உப்பு படியும். துருவும் சேர்ந்துகொள்ளும்.

● ஃபேன் ஓடாதது: ஹைவேயில் எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். டிராஃபிக்கில் நிற்கும்போது ஃபேன் மட்டும்தான் கதி.

● தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கிக்கொள்வது.

● ரேடியேட்டர் மூடி பழசாவது: இதை யாரும் கவனிப்பதில்லை. அந்த மூடி உள்ளே அழுத்தத்தைத் தக்கவைக்கிறது. 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடி இருந்தால், தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 118 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். மூடியின் ரப்பர் போனால் இந்தப் பாதுகாப்பும் போச்சு.

டிசைனே காரணமாக இருக்கலாமா?

இருக்கலாம். பிரிட்டனின் ரோவர் நிறுவனம் 1988-ல் அறிமுகப்படுத்திய 'கே சீரீஸ்' இன்ஜின் இதற்குப் பிரபலமான உதாரணம். எடை குறைவான, நல்ல சக்தி கொடுக்கும் அலுமினிய இன்ஜின். ஆனால், ஹெட் கேஸ்கெட் பழுதுக்கும் அதே அளவு பெயர் வாங்கியது.

அதில் ஓடும் கூலன்ட்டின் அளவு குறைவு. அதனால் சின்னக் கசிவு ஏற்பட்டால்கூட இன்ஜின் சீக்கிரம் சூடேறிவிடும். ஹெட்டைச் சரியான இடத்தில் உட்கார வைக்கும் சிறிய குழாய் போன்ற பாகங்கள் ஒரு காலகட்டத்தில் பிளாஸ்டிக்கில் செய்யப்பட்டன. ஹெட் லேசாக அசைய இது இடம் கொடுத்தது. பிறகு அவற்றை ஸ்டீலுக்கு மாற்றினார்கள். பல அடுக்கு ஸ்டீல் தகடுகளால் ஆன கேஸ்கெட்டும் வந்தது. சில மாடல்களில் தெர்மோஸ்டாட்டையே மாற்றியமைத்தார்கள்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அந்த இன்ஜினில் பழைய மாதிரி கேஸ்கெட்டையே திரும்பத் திரும்பப் போட்டவர்களுக்குப் பிரச்சினையும் திரும்ப வர வாய்ப்பு இருந்தது. கேஸ்கெட்டோடு சேர்த்துக் காரணத்தையும் சரிசெய்தவர்களின் வண்டிகள் நன்றாக ஓடின.

அறிகுறிகள் என்னென்ன?

● கூலன்ட் தொடர்ந்து குறையும். ஆனால் தரையில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. அது சிலிண்டருக்குள் போய் எரிந்துகொண்டிருக்கலாம்.

● சைலன்சரில் அடர்த்தியான வெள்ளைப் புகை வரும். லேசான இனிப்பு வாசனை இருந்தால், அது கூலன்ட். கவனிக்க: குளிர்ந்த காலையில் முதல் சில நிமிடங்கள் வரும் மெல்லிய ஆவி சாதாரணமானது. இன்ஜின் சூடான பிறகும் நிற்காமல் வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

● ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால், ஆயில் பால் காபி நிறத்தில் கெட்டியாக இருக்கும். ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். இந்த நிலையில் வண்டியை ஸ்டார்ட்டே செய்யாதீர்கள். பேரிங்குகள் தேய்ந்துவிடும். ஆனால், ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெள்ளையாக ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். தினமும் குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் ஈரப்பதத்தாலும் அப்படி ஆகும்.

● இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தால், சில நிமிடங்களுக்குப் பிறகும் குமிழிகள் வந்துகொண்டே இருக்கும். எரியும் வாயு, தண்ணீருக்குள் நுழைகிறது.

● ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ரேடியேட்டர் ஹோஸ் கல் மாதிரி இறுகிவிடும்.

● காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வண்டி உதறும், பிறகு சரியாகும். ராத்திரி முழுக்க ஒரு சிலிண்டருக்குள் கூலன்ட் கசிந்திருக்கலாம்.

இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் வேறு காரணமும் இருக்கலாம். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால், டெஸ்ட் செய்துவிடுவது நல்லது.

கழற்றுவதற்கு முன் என்ன டெஸ்ட்?

ஹெட்டை இறக்குவது ஒருநாள் வேலை. லேபர் சார்ஜும் அதிகம். அதனால், கழற்றுவதற்கு முன் உறுதிசெய்துகொள்வது நம் உரிமை. எங்கள் மெக்கானிக் அண்ணன் செய்த டெஸ்ட்டுகள் இவை.

1. ஆயில்: டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பார்த்தார். ஆயில் கறுப்பாக இருந்தது. தண்ணீர் கலக்கவில்லை. "அப்பாடா, பேரிங் தப்பிச்சுது சார்" என்றார். 'இன்ஜின் முடிந்தது' என்ற முதல் தீர்ப்பு இங்கேயே ஆட்டம் கண்டது.

2. கம்ப்ரஷன் டெஸ்ட்: ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் மீட்டரைப் பொருத்தி, ஸ்டார்ட்டரைச் சுற்றவைப்பது. எங்கள் காரில் முதல் சிலிண்டர் 165 பிஎஸ்ஐ காட்டியது. இரண்டாவது 95, மூன்றாவது 90. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சிலிண்டர்கள் ஒன்றாகக் குறைந்தால், அவற்றுக்கு நடுவில் கேஸ்கெட் விட்டிருக்க வாய்ப்பு மிக அதிகம்.

பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தாலும் கம்ப்ரஷன் குறையுமே? அதற்கும் ஒரு வழி இருக்கிறது. குறைவாகக் காட்டும் சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, மறுபடி பார்ப்பார்கள். ரீடிங் நன்றாக ஏறினால் பிரச்சினை ரிங்கில். ஏறாவிட்டால் கேஸ்கெட் அல்லது வால்வு. எங்களுக்கு ஏறவில்லை.

3. கெமிக்கல் டெஸ்ட்: ரேடியேட்டர் வாயில் ஒரு சிறிய குழாயை வைத்து, உள்ளிருக்கும் காற்றை நீல நிற திரவம் வழியாக இழுப்பார்கள். எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். எல்லா ஒர்க் ஷாப்பிலும் இந்த கிட் இருக்காது. இருந்தால், எதையும் கழற்றாமலேயே விடை கிடைத்துவிடும்.

4. கூலிங் பிரஷர் டெஸ்ட்: சின்ன கைப்பம்ப்பால் கூலிங் சிஸ்டத்தில் அழுத்தம் ஏற்றிவிட்டு, மீட்டரைக் கவனிப்பது. அழுத்தம் இறங்குகிறது, ஆனால் வெளியில் எங்கும் கசிவு இல்லை என்றால், உள்ளேதான் போகிறது.

இதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. "ஹைவேல ஓடும்போது சரியா இருந்துச்சு, டோல்ல நின்னப்பதான் முள் ஏறுச்சுன்னு சொன்னீங்கல்ல? அப்ப ஃபேனைப் பார்க்கணும்" என்றார்.

ஃபேன் ஸ்விட்ச்சின் கனெக்டரைக் கழற்றி, இரண்டு ஒயரையும் நேரடியாக இணைத்தார். ஃபேன் சுற்றியது. மோட்டார் நன்றாகவே இருக்கிறது. பிறகு ஸ்விட்ச்சைக் கழற்றி, கொதிக்கும் தண்ணீரில் போட்டு, மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தார். எத்தனை சூடானாலும் அது ஆன் ஆகவே இல்லை. தெர்மோஸ்டாட்டையும் அதே தண்ணீரில் போட்டார். அது ஒழுங்காகத் திறந்தது. ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தது.

ஆக, இத்தனைக்கும் காரணம் 350 ரூபாய் ஸ்விட்ச். அதை மாற்றாமல் புது கேஸ்கெட் மட்டும் போட்டிருந்தால், அடுத்த டிராஃபிக்கில் அதுவும் போயிருக்கும். நாங்கள், 'போன வாரம்தானே மாத்தினோம், டூப்ளிகேட் கேஸ்கெட் போட்டுட்டான்' என்று மெக்கானிக்கைத் திட்டியிருப்போம்.

ரிப்பேர் எப்படி நடக்கும்?

இது வீட்டில் யூடியூப் பார்த்துச் செய்கிற வேலை இல்லை. ஆனால், என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தால், சரியான கேள்விகளைக் கேட்கலாம்.

இறக்குவது: இன்ஜின் முழுசாகக் குளிர்ந்த பிறகுதான் ஹெட் போல்ட்டைத் தொட வேண்டும். சூட்டோடு கழற்றினால் நல்ல ஹெட்டும் வளைந்துவிடும். கூலன்ட்டை வடித்து, டைமிங் மார்க்குகளைக் குறித்துக்கொண்டு, டைமிங் பெல்ட்டைக் கழற்றுவார்கள். போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவார்கள்.

பார்ப்பது: பழைய கேஸ்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடச் சொல்லாதீர்கள், காட்டச் சொல்லுங்கள். எங்கள் கேஸ்கெட்டில் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களுக்கு நடுவே இருந்த மெல்லிய பாலம் கருகி, அறுந்திருந்தது. கம்ப்ரஷன் மீட்டர் சொன்ன அதே இடம்.

அளப்பது: ஹெட்டைக் கவிழ்த்து, அதன் மேல் நேர்விளிம்புப் பட்டையை நீளவாக்கிலும் குறுக்காகவும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜைச் செருகிப் பார்ப்பார்கள். எவ்வளவு வளைவை அனுமதிக்கலாம் என்பது சர்வீஸ் மேனுவலில் இருக்கும். நிறைய சிறிய இன்ஜின்களுக்கு அது 0.05 மி.மீ. நாம் பிரின்ட் எடுக்கும் ஏ4 தாளின் தடிமன் சுமார் 0.1 மி.மீ. அதில் பாதிதான்! எங்கள் ஹெட் 0.12 மி.மீ. வளைந்திருந்தது. பிளாக்கின் மேற்பரப்பையும் இதேபோல அளக்க வேண்டும்.

லேத் வேலை: வளைந்த ஹெட்டை லேத்துக்கு அனுப்பி, 'ஃபேஸிங்' அடித்துச் சமப்படுத்துவார்கள். அதற்கு முன் விரிசல் டெஸ்ட் அவசியம். தண்ணீர் போகும் வழிகளை அடைத்து, காற்றழுத்தம் கொடுத்து, சுடுநீரில் மூழ்கவைப்பார்கள். குமிழி வந்தால் விரிசல். ஃபேஸிங்கையும் இஷ்டத்துக்கு அடிக்க முடியாது. அதிகம் சீவினால் கம்ப்ரஷன் எகிறும், சில இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும்.

சுத்தம்: பிளாக்கின் மேல் ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுக்க வேண்டும். ரொம்பப் பழைய கார்களின் கேஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதைக் காய்ந்த நிலையில் சுரண்டி, காற்றடித்து ஊதினால், அந்தத் தூசி நுரையீரலுக்குப் போகும். ஈரப்படுத்தி எடுப்பதே பாதுகாப்பு. போல்ட் ஓட்டைகளுக்குள் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருக்கக் கூடாது. அப்படியே போல்ட்டை இறுக்கினால், வெளியேற வழியில்லாத திரவம் பிளாக்கையே பிளந்துவிடும்.

மாட்டுவது: கேஸ்கெட்டில் மேல் பக்கம் எது என்று குறி இருக்கும். தலைகீழாகப் போட்டால் தண்ணீர் வழிகள் அடைபடலாம். மேனுவலில் சொல்லாவிட்டால் பேஸ்ட், ஷெல்லாக் எதையும் தடவத் தேவையில்லை. போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மேனுவல் சொல்லும் வரிசையில், இரண்டு மூன்று சுற்றுகளாக இறுக்க வேண்டும். இங்கே டார்க் ரெஞ்ச் கட்டாயம். "கை பழக்கத்துல தெரியும் சார்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சில இன்ஜின்களின் ஹெட் போல்ட்டுகள் ஒருமுறை இறுக்கியதும் நீண்டுவிடும். அவற்றை மறுபடி பயன்படுத்தக் கூடாது, புதிதாகத்தான் போட வேண்டும்.

கடைசிக் கட்டம்: புது ஆயில், புது ஃபில்டர், கூலன்ட். கூலன்ட் ஊற்றியதும் உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். பிறகு ஃபேன் தானாக ஓடி, தானாக நிற்கும் வரை இன்ஜினை ஓட விட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் வண்டியில் ஃபேன் 'விர்ர்' என்று சுற்ற ஆரம்பித்த பிறகுதான் மெக்கானிக் அண்ணன் டீ குடிக்கப் போனார்.

எவ்வளவு செலவானது?

இது எங்கள் ஒரு காரின் பில் மட்டுமே. ஊர், மாடல், பாகத்தின் தரத்தைப் பொறுத்து மாறும்.

● லேபர்: ரூ.5,500
● லேத் (விரிசல் டெஸ்ட், ஃபேஸிங்): ரூ.1,800
● கேஸ்கெட் செட்: ரூ.1,400
● வாட்டர் பம்ப்: ரூ.1,300
● டைமிங் பெல்ட்: ரூ.650
● ஆயில், ஃபில்டர், கூலன்ட்: ரூ.2,300
● ஃபேன் ஸ்விட்ச், ரேடியேட்டர் மூடி: ரூ.650

மொத்தம் ரூ.13,600. இதில் கேஸ்கெட்டின் பங்கு பத்தில் ஒன்றுதான். வாட்டர் பம்ப் பேரிங் ஆட்டம் கொடுத்ததால், அதையும் சேர்த்து மாற்றினோம். டைமிங் பெல்ட்டை எப்படியும் கழற்றியாக வேண்டும், அதனால் பழசையே திரும்பப் போடுவதில் அர்த்தமில்லை.

குறுக்குவழிகள் வேலை செய்யுமா?

ரேடியேட்டர் கசிவுக்கு மஞ்சள் தூள் போடுவது நம்மூர் டிரைவர்களின் பழைய வைத்தியம். கடைகளில் கிடைக்கும் 'லீக் ஸ்டாப்' திரவங்களும் கிட்டத்தட்ட அதே ரகம்தான். ரேடியேட்டரில் ஊசிமுனை ஓட்டை என்றால், வீடு போய்ச் சேர உதவலாம். சிலிண்டர் அழுத்தம் கிழித்த கேஸ்கெட்டை இவற்றால் அடைத்து நிறுத்த முடியாது. போதாக்குறைக்கு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைத்து, அடுத்த ஓவர் ஹீட்டுக்கு வழி செய்துவிடும்.

இன்னொன்று, "நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு?" என்று அதைக் கழற்றி வீசுவது. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால், இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும். பெட்ரோல் அதிகம் குடிக்கும், இன்ஜின் தேய்மானமும் கூடும். கெட்டுப்போனால் புதிது போடுங்கள்.

ரோட்டில் முள் ஏறினால் என்ன செய்வது?

1. ஏசியை உடனே அணையுங்கள். ஹீட்டர் இருந்தால் முழு சூட்டில் வையுங்கள். வியர்த்துக் கொட்டும்தான். ஆனால் இன்ஜினின் சூட்டில் ஒரு பகுதி அந்த வழியாக வெளியேறும். வண்டியை ஓரம்கட்டும் வரைக்கும்தான் இது.

2. பாதுகாப்பான இடம் கிடைத்ததும் நிறுத்தி, இன்ஜினை ஆஃப் செய்யுங்கள். 'இன்னும் கொஞ்ச தூரம்தான்' என்ற நினைப்பே வேண்டாம்.

3. முள் திடீரென இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள். எங்கள் கதைதான் உதாரணம்.

4. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் போனதும் தண்ணீர் மொத்தமும் ஒரே நேரத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும். குறைந்தது முக்கால் மணி நேரம் காத்திருங்கள். அப்போதும் தடிமனான துணியைப் போட்டு, மெதுவாகத் திறங்கள்.

5. கொதிக்கும் இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள். ஹெட்டில் விரிசல் விழலாம்.

6. தண்ணீர் ஊற்றியும் உடனே குறைந்தால் ஓட்ட வேண்டாம், டோ செய்யுங்கள். டோ வண்டிக்கு ஆகும் செலவு, ஹெட் செலவைவிடக் குறைவு.

சரிசெய்வதா, விற்பதா?

பிளாக்கில் விரிசல், ஆயிலில் தண்ணீர் கலந்து பேரிங் போனது, அல்லது ஃபேஸிங் அடிக்க முடியாத அளவுக்கு ஹெட் வளைந்தது: இந்த மூன்றில் ஒன்று இருந்தால் யோசிக்க வேண்டியதுதான். கார் 15 வருடத்தைத் தாண்டியிருந்தால், ஆர்.சி. புதுப்பித்தல் எப்போது வருகிறது, பாடியில் துரு எவ்வளவு என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். இவை எதுவும் பிரச்சினை இல்லை என்றால், கேஸ்கெட் போனதற்காக மட்டும் ஒரு காரை எடைக்குப் போட வேண்டியதில்லை.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

● கழற்றுவதற்கு முன் கம்ப்ரஷன் பார்த்தீர்களா, ரீடிங் எவ்வளவு?
● ஹெட் எவ்வளவு வளைந்திருக்கிறது? பிளாக்கையும் அளந்தீர்களா?
● லேத்தில் விரிசல் டெஸ்ட் செய்தாயிற்றா?
● போல்ட்டை டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் இறுக்குவீர்களா?
● முதலில் ஓவர் ஹீட் ஏன் ஆனது? அந்தக் காரணத்தைச் சரிசெய்துவிட்டீர்களா?

கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைக்கும் வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

போன மாதம் மறுபடியும் அதே பரனூர் வரிசையில் நின்றோம். அப்பா ஏசியையும் பாட்டையும் அணைத்துவிட்டு, ஃபேன் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். கேட்டது. "ஓட்டும்மா" என்றார்.